கம்பெனி என்ன முறை?

செந்தில், நீ அனுப்பிய கவர் வந்து பதினோரு நாள் ஆகிறது. அதில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று உன் கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரி. இன்னொன்று, நம் ரைஸ் மில்லுக்குப் பின்னால் என் பெயரில் இருக்கிற மூன்று மா நிலத்தைக் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரத்தின் நகல். அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து போன் பண்ணினாய். "பத்திரிகையில பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடும்மா. பத்திரத்துல பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன், அந்த எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டு வையி. ஊருக்கு வந்ததும் நன்னிலம் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் முடிச்சுடலாம்" என்றாய். நான் கொஞ்சம் இழுத்தேன். உடனே நீ சிரித்துக்கொண்டே, "கம்பெனி பேர்ல இருந்தா என்னம்மா? கம்பெனியும் நாமளும் வேற வேறயா?" என்றாய். சரிப்பா என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குச் சரிப்பாவுக்கு மேல் வார்த்தை வராது. நீ வக்கீலுக்குப் படித்தவன், பேச்சில் உன்னை ஜெயிக்க முடியாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்பெனி மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, அது பிறந்த அன்றைக்கே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா பெயரை நான் வாயால் சொன்னதில்லை, அது மரியாதைக்காக. கம்பெனி பெயரையும் சொன்னதில்லை, அது வேறு காரணம். சக்களத்தி பெயரை எவளாவது ஆசையாகச் சொல்வாளா? உங்கள் இரண்டு பேர் எதிரிலும் 'அது' என்றுதான் சொல்வேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நன்றாக நுழையும். பிரைவேட் லிமிடெட் வரைக்கும் சேர்த்து நுழையும். சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பா தஞ்சாவூர் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு காகிதத்தையும் ஒரு கிலோ ஜாங்கிரியையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இன்னையிலேருந்து மில்லு வேற, நான் வேற. அதுக்குன்னு தனி ஆளு அந்தஸ்து வந்துடுச்சு" என்று சொல்லி என் வாயில் ஜாங்கிரியைப் பிட்டு வைத்தார். நீ பிறந்தபோது இனிப்பு வாங்கக் கூட அவருக்குத் தோன்றவில்லை, என் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தான். காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அதற்கும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். அதற்குத் தனியாக முத்திரை, தனியாக பாங்கு புத்தகம், தனியாக ஒரு கார் எல்லாம் வந்தன. பான் கார்டு அதற்கு வந்த பிறகுதான் எனக்கு வந்தது. எனக்கு எடுத்ததே அதற்கு இரண்டாவது டைரக்டர் ஒருத்தி வேண்டும் என்பதற்காகத்தான். அன்று ஆரம்பித்ததுதான் இந்தப் பென்சில் புள்ளி. ஆடிட்டர் புள்ளி வைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை ஆடிட்டர் வீட்டுக்கே வந்து மீட்டிங் என்று நடத்தினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன், போண்டாவும் போட்டேன். பிறகு நீதான் அந்த நோட்டைப் படித்துவிட்டு, நான் ஆஜராகி, ஆலோசித்து, ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியதாக எழுதியிருக்கிறது என்றாய். என்ன தீர்மானம் என்று கேட்டேன். புது பாய்லர் என்றாய். போண்டா நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சிரிக்காதே. உன் அப்பா கெட்டவர் இல்லை, வேறு எவளையும் ஏறெடுத்துப் பார்த்ததும் இல்லை. ஆனால் அவர் பேச்சைக் கேள். "கம்பெனிக்கு ஆகாது." "கம்பெனி தாங்காது." "கம்பெனிய விட்டுட்டு எப்படி வர்றது?" எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகித் தஞ்சாவூரில் பத்து நாள் கிடந்தேனே, அவர் வந்தது இரண்டு நாள். பாய்லர் சோதனைக்கு ஆள் வருகிறார்கள், கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்றார். பக்கத்துக் கட்டில்காரி, உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுலயா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு உடம்புக்கு வராது, நரை விழாது, முட்டி வலிக்காது. நானும் அவரும் கிழடு தட்டிக்கொண்டே போகிறோம். அது மட்டும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது. பொறாமைப்படாமல் என்ன செய்வேன், சொல்.

நீ சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் பொங்கலுக்கு வந்தபோது நடந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும். சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குப் பாடம் எடுத்தாய். "சட்டப்படி கம்பெனி ஒரு ஆளும்மா. அது சொத்து வாங்கலாம், விக்கலாம், கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம். நாமல்லாம் போனப்புறமும் அது இருக்கும். அத ஆளா நடத்தலாமா கூடாதான்னு ஒலகம் பூரா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாய். அப்பா உடனே, "இதுல சண்டை என்ன இருக்கு? கோயில் நெலத்துக்கு சாமி பேர்லதான பட்டா இருக்கு? சாமி பேர்ல கேஸ் நடந்து ஜெயிக்கலையா? சாமி ஆளுன்னா கம்பெனியும் ஆளுதான்" என்றார். நீ அசந்து போய், இதை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன் என்றாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன், "சாமியாவது வருஷத்துக்கு ஒரு தடவ தேர்ல ஏறி நம்ம வாசலுக்கு வருது. ஒங்க கம்பெனி இதுவரைக்கும் யாரு வாசலுக்கு வந்துருக்கு?" இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பெரிதாக யோசித்துச் சொன்னது இல்லை அது, சக்களத்தியை ஒரு குத்து குத்தினேன், அவ்வளவுதான்.

இனி சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. வசந்தாவை உனக்கு நினைவிருக்கிறது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே நடப்பாளே, அவள்தான். மில்லுக்குக் கூரை போட்ட நாளிலிருந்து இருந்தவள். டிரையர் மெஷின் வந்த பிறகு களத்து வேலைக்காரிகள் எல்லாரும் நின்றுவிட்டார்கள், அவளை மட்டும் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பக்கம் சிந்துவதைக் கூட்டி அள்ளுவதற்காக வைத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்காரர் காளிமுத்துவும் அங்கேயே மூட்டை தூக்கினார். வசந்தா ஒருத்திதான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்களும் மொதலாளிதானம்மா, ஒரு நாளு வந்து மில்ல எட்டிப் பாருங்களேன்" என்பாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா. ஆனாலும் போனதில்லை. சக்களத்தி வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஆறு வருஷத்துக்கு முன்பு, குறுவை அறுப்பு நேரம். காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவர் போன் சாப்பாட்டு மேசையில் அடித்தது, எடுத்தேன். மேனேஜர் சேகர். "அம்மா, சார் இல்லீங்களா? எலிவேட்டர் பெல்ட் கவர கழட்டி வெல்டிங்குக்கு அனுப்புனோம், இன்னும் வரல. நெல்லு லாரி வரிசையா நிக்கிது. கவர் இல்லாம ஓட்டலாமா, வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமான்னு கேக்கணும்" என்றார். குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். "இருக்கச் சொல்லு, வந்து பேசுறேன்" என்றார் அப்பா. நான் அதைத்தான் சேகரிடம் சொல்லியிருக்க வேண்டும். சேகர் அவசரத்திலோ விளையாட்டாகவோ, "நீங்களும் டைரக்டர்தானேம்மா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அதில் என் வார்த்தையை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. கவர் என்றால் என்ன, பெல்ட் எங்கே ஓடுகிறது, ஒன்றும் தெரியாது. "ஓட்டுங்க சேகர். நான் சொன்னேன்னு ஓட்டுங்க" என்றேன்.

அப்பா துண்டோடு வந்ததும், நானே சொல்லிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. போனை வாங்கி அடித்தார், யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வாசலில் இறங்கும்போது, மில் டிரைவர் பைக்கில் வந்து நின்றார். வசந்தாவின் தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று அவர் சொன்னதுதான் காதில் விழுந்தது. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

நீ சென்னையிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்தாய். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஹாலில் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, "யாருப்பா ஓட்டச் சொன்னது?" என்று கேட்டாய். நான் காபி தம்ளரோடு நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "கம்பெனி முடிவு" என்றார். சேகரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்கும் பதிலை நீயே எழுதினாய், நிர்வாகம் எடுத்த முடிவு என்று. எனக்கு வசந்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். நீ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ போகாதம்மா. போனா தப்ப நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கேஸ் கம்பெனி மேலதான். கம்பெனி வேற, நாம வேற" என்றாய். அன்றைக்கு நீ சொன்னதையும், பதினோரு நாளுக்கு முன்பு போனில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நிலத்தை வாங்கும்போது ஒன்று, பழி வரும்போது வேறு. உன் படிப்பில் இதற்கு ஏதாவது பதில் இருக்கும். என் படிப்பில் இல்லை.

உன்னை மட்டும் குறை சொல்லி என்ன. நீ அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எந்தச் சக்களத்தியைப் பார்த்து அத்தனை வருஷம் வயிறு எரிந்தேனோ, அவள் முந்தானைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேன். கோர்ட்டில் கம்பெனி அபராதம் கட்டியது. இன்ஷூரன்சிலிருந்து அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்தது. வாய்தாவுக்கு வாய்தா கம்பெனி, கம்பெனி என்றே பேசினார்கள், ஒரு மனுஷர் பெயர்கூட அதில் வரவில்லை. அதன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது, என் சொல்லுக்கு இல்லையே என்று பொருமிக்கொண்டிருந்தவள் நான். என் சொல் எடுபட்ட ஒரே நாள் அந்த நாள்தான்.

இன்னொன்றும் நடந்தது, அதை அப்பா உன்னிடம் பாதிதான் சொன்னார். வசந்தாவை எடுப்பதற்கு முன்னால், கம்பெனி மரியாதை செய்ய வேண்டும் என்று சேகரிடம் ஒரு சேலையும் மாலையும் கொடுத்து அனுப்பினார். மாலையில் கம்பெனி பெயர் அச்சடித்த ரிப்பன். அங்கே அவள்மேல் புதுத் துணி எடுத்துக் கோடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் உனக்குத் தெரியும், கோடித் துணியைச் சும்மா போட மாட்டார்கள். யார் வீட்டுக் கோடி, என்ன முறை என்று ஒருத்தர் சத்தமாகச் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சேகர் நீட்டிய சேலையை வாங்கிக்கொண்டு, "இது யாரு கோடி?" என்று கேட்டார். சேகர், "கம்பெனி" என்றார். அவர் சேலையைக் கையில் வைத்துக்கொண்டே, "கம்பெனி என்ன மொறை வேணும்?" என்று கேட்டாராம். கோபமாக இல்லை, எல்லாரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாராம். வசந்தாவின் தம்பி எழுந்து வந்து சேலையை மடித்துச் சேகர் கையிலேயே கொடுத்துவிட்டார். "மொறை இல்லாத துணி எங்க அக்கா மேல விழ வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாராம். சேகர் நம் ஹாலில் நின்று இதைச் சொல்லிவிட்டு, சேலையை என்னிடம் நீட்டினார். அப்பா, "செய்ய வேண்டியத கம்பெனி செஞ்சுது, வாங்கிக்கலைன்னா நாம என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்தச் சேலை என் பீரோவில்தான் இருக்கிறது. பச்சையில் மஞ்சள் கரை. கட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. பட்டுச் சேலை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.

இப்போது உன் பத்திரிகைக்கு வருகிறேன். பிரித்ததும் நடுவில் பிள்ளையார், அதற்குக் கீழே கம்பெனிச் சின்னம். 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்' என்கிற இடத்தில் முதலில் அதன் பெயர், கொட்டை எழுத்தில். அதற்குப் பிறகுதான் நானும் அப்பாவும். உன்னைச் சுமந்து பெற்றது நான், கூப்பிடுவது அதுவா? வழக்கமான வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, கோடி போட்டவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நாளைக்கு மண்டபத்தில் யாராவது, கம்பெனி மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகிறோம். காளிமுத்து வீட்டுக்கு யார் போவது? பத்து நாள் அந்தக் கவரை வைத்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன். நேற்றுக் காலையில் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன். இரண்டு தடவை அடித்தேன்.

தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, அதன்மேல் பத்திரிகையின் அந்த அச்சு மாதிரியை வைத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்தே போனேன். காளிமுத்து இப்போது மில்லில் இல்லை, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, "கம்பெனி பத்திரிகையா, வீட்டுப் பத்திரிகையா?" என்று கேட்டார்.

"வீட்டுப் பத்திரிகைதான். செந்திலுக்குக் கல்யாணம். காளிமுத்து, அன்னைக்கு மிஷின ஓட்டச் சொன்னது கம்பெனி இல்ல. நான்தான்" என்றேன். ஆறு வருஷமாக வாயில் வராதது, வாசல்படி ஏறுவதற்குள் வந்துவிட்டது.

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து, துண்டால் தட்டிப் போட்டார். "ஒக்காருங்கம்மா. எனக்குத் தெரியும்" என்றார். "சேகரு சாரு போன ஸ்பீக்கர்ல போட்டுருந்தாரு. நான் மூட்டைய எறக்கிட்டு அங்கதான் நின்னேன். அவளும் பக்கத்துலதான் நின்னா. கவர் இல்ல, கிட்ட போவாதன்னு நான் சொன்னேன். அம்மாவே சொல்லிட்டாங்க, அப்பறம் என்னன்னு சொல்லிட்டுதான் தொடப்பத்த எடுத்தா."

செந்தில், இதை எழுதும்போது எனக்குக் கண் மறைக்கிறது. கம்பெனி சொன்னது என்றால் அவள் புருஷன் பேச்சைக் கேட்டு நின்றிருப்பாளோ என்னவோ. சொன்னது நான், அவள் மில்லுக்கு வாங்க வாங்க என்று கூப்பிட்ட அம்மா. என்னை நம்பிப் போனாள். ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று காளிமுத்துவைக் கேட்டேன். "யாரு கேட்டா? கம்பெனி மேல கேசுன்னாங்க. கம்பெனிட்ட போயி நான் என்னத்தச் சொல்றது? நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அப்பறம் விட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் மூட்டைக் கணக்கு சொல்வதுபோலச் சொன்னார்.

தட்டை நீட்டினேன். வாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காட்டி, "அதுல வைங்க. தம்பி வருமா?" என்று கேட்டார். வருவான் என்றேன். "தம்பிதான் அன்னைக்கு எல்லாத்தயும் எழுதுச்சுன்னாங்க. அது வந்து, என்ன நடந்துச்சுன்னு என் வாயால கேக்கட்டும். கேட்டுட்டு அது கையால எடுத்துக் குடுத்தா வாங்கிக்கிறேன்" என்றார். நான் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "ஆறு வருஷமா ஒன்னய மறச்சு வச்சேன். இப்ப நீயே போயி சொல்லிட்டு வந்துட்ட" என்றார். எனக்காகத்தான் அவர் அன்றைக்குக் கம்பெனி முடிவு என்று சொன்னார், தெரியும். அந்த ஒரு தடவை அவர் அதைவிட என்னைப் பெரிதாக நினைத்தார். அதை நினைத்து சந்தோஷப்படக்கூட எனக்கு வழி இல்லை. மறுபடி கேஸ் வரும், அம்மா மாட்டிக்கொள்வாள் என்று நீ பயப்படுவாய். வரட்டும். சட்டம் என்னையும் ஒரு ஆளாக நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தானே. கூப்பிட்டால் போய் நின்று என் பெயரைச் சொல்கிறேன்.

உன் அப்பாவும் நீயும் சொல்வதுபோல அது ஆளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நிலம் வாங்கட்டும், கேஸ் நடத்தட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தை பிறந்ததும் மில்லில் அப்பாவின் நாற்காலியில் நீ உட்காரப் போகிறாய். இனி அது பேசுவதெல்லாம் உன் வாயால்தான் பேசும். ஒவ்வொரு தடவையும் அது உன் வாய்தான் என்பது உனக்கு மறக்கக் கூடாது. கல்யாணம் ஆனதும் உன் பெண்டாட்டியையும் டைரக்டர் ஆக்கிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவளைக் கேட்டுவிட்டுச் செய். செய்வதற்கு முன்னால் மில்லுக்குக் கூட்டிப்போய், பெல்ட் எங்கே ஓடுகிறது, கவர் எப்படி மூடுகிறது என்று காட்டு. வெறும் புள்ளிமேல் கையெழுத்துப் போடுகிற இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வேண்டாம். அவள் என்னோடு சேர்ந்து பொறாமைப்பட்டால் எனக்கும் துணையாக இருக்கும்.

பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நீ வைத்த பென்சில் புள்ளிகளை ரப்பரால் அழித்துவிட்டேன், எட்டு இடம் இருந்தது. அந்த மூன்று மாவில் சம்பா நெல் பொதி கட்டி, கதிர் தள்ள நிற்கிறது. பட்டாவில் என் பெயர் இருக்கிறது. அதற்கு எல்லாம் இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதான். இதையும் அதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள். நீ காளிமுத்து வாசலில் நின்று வந்த பிறகு கேள். உனக்கென்று கேட்டால் உன் பெயருக்கு எழுதித் தருகிறேன்.

வெற்றிலை இரண்டு நாள்தான் தாங்கும், மூன்றாம் நாள் பழுத்துவிடும். தினமும் காலையில் நான் பாலத்தைத் தாண்டிப் போய், அந்தத் தட்டில் புது வெற்றிலை மாற்றி வைத்துவிட்டு வருவதாக இருக்கிறேன். நீ வருகிற வரைக்கும் மாற்றுவேன். லீவு இல்லை, வேலை இருக்கிறது என்று சொல்லி சேகரை மட்டும் அனுப்பிவிடாதே.

அம்மா